கோல் பிடிப்பவருக்கு எதற்கு ஐந்தாண்டுப் படிப்பு?

லண்டனில் 2025 மார்ச் 8 அன்று நடந்த இளையராஜாவின் சிம்பொனி நிகழ்ச்சியைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "எழுதியவர் இளையராஜா. வாசித்தது ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா. நடுவில் நின்று கோல் பிடித்து நடத்தியவர் மிக்கெல் டாம்ஸ். இப்படி நடத்துவதற்கென்றே ஐரோப்பாவில் பல்கலைக்கழகப் படிப்பு இருக்கிறதாமே, ஐந்து வருடம் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்? சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவருக்கும் அதே படிப்புதானா? என் மகள் வயலினில் எட்டாம் கிரேடு முடித்திருக்கிறாள், அவளுக்கு இதில் ஆசை. வழி உண்டா?"

உண்டு. ஆனால் என்ன கற்றுத்தருகிறார்கள் என்பது தெரிந்தால்தான் வழியைத் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கையசைவின் அடிப்படையைக் கற்றுத்தர சில மாதங்கள் போதும். இரண்டுக்கு, மூன்றுக்கு, நான்குக்கு எப்படிக் கை போக வேண்டும் என்பதை ஒரு வாரத்தில்கூடக் காட்டிவிடலாம். மீதிக் காலம் முழுவதும் இரண்டு வேலைகளுக்குப் போகிறது. இருபது வரிசைகளில் அச்சாகியிருக்கும் இசையை ஒரு வாத்தியமும் ஒலிக்காமல் மனதுக்குள் கேட்கப் பழகுவது முதலாவது. அப்படிக் கேட்டதை வைத்துக்கொண்டு, உயிருள்ள மனிதர்கள் முன் நின்று, அவர்கள் வாசிப்பதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பிடித்து, அவர்கள் மனம் கோணாமல் சரிசெய்வது இரண்டாவது. முதலாவதை அறைக்குள் தனியாக உட்கார்ந்து கற்கலாம். இரண்டாவதைப் புத்தகத்தில் படிக்கவோ கண்ணாடி முன் பழகவோ வழியே இல்லை. வயலின் மாணவரின் வயலின் எப்போதும் அவர் கையருகில் இருக்கிறது. நடத்துநர் மாணவரின் வாத்தியமோ நாற்பது மனிதர்கள்; அவர்களை ஓர் அறையில் கூட்டிவைத்துச் சம்பளமோ மதிப்பெண்ணோ கொடுக்க ஒரு நிறுவனம் வேண்டும். இசைப் பல்கலைக்கழகம் எதற்கு என்றால் முதன்மையாக இதற்குத்தான். இந்தத் துறையில் எந்தக் கல்வி நிலையத்தின் தரத்தையும் நான் அளப்பது ஒரே கேள்வியால்: மாணவர் உண்மையான வாசிப்பாளர்கள் முன் நிற்க வாரத்துக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது?

இதற்கு ஹெல்சிங்கியைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

பின்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 லட்சம். சென்னை மாநகரத்தில் அதைவிட அதிகம் பேர் வாழ்கிறோம். அந்த நாட்டிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள். எசா-பெக்கா சலோனென் 1992 முதல் 2009 வரை லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநர். ஒஸ்மோ வான்ஸ்கா 2003 முதல் 2022 வரை மினசோட்டா ஆர்கெஸ்ட்ராவில். சக்காரி ஒராமோ 1998-ல் பர்மிங்ஹாமில் சைமன் ராட்டிலின் இடத்துக்கு வந்தார். சுசானா மல்க்கி பாரிஸில் புதிய இசைக்கென்றே பியர் பூலே தொடங்கிய குழுவை 2006 முதல் 2013 வரை நடத்தினார். 1996-ல் பிறந்த கிளவுஸ் மகெலாவை ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபவ் ஆர்கெஸ்ட்ராவும் சிகாகோ சிம்பொனியும் 2027-லிருந்து தங்கள் தலைமைக்கு அறிவித்திருக்கின்றன. இவர்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே மனிதரிடம் படித்தவர்கள். அவர் பெயர் யோர்மா பனூலா.

பனூலா 1930-ல் மேற்கு பின்லாந்தில் பிறந்தவர். சிபேலியஸ் அகாடமியில் தேவாலய இசையும் நடத்துதலும் படித்தார். 1965 முதல் 1972 வரை ஹெல்சிங்கி பில்ஹார்மோனிக்கை நடத்திவிட்டு, 1973-ல் தான் படித்த அகாடமிக்கே பேராசிரியராக வந்து 1993 வரை இருந்தார். 1882-ல் சிறிய இசைப்பள்ளியாகத் தொடங்கி, 1939-ல் சிபேலியஸின் பெயரைப் பெற்ற அந்த நிறுவனம் இன்று ஹெல்சிங்கி கலைப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. இளநிலை, முதுநிலை இரண்டையும் சேர்த்தால் ஐந்தரை ஆண்டு.

பனூலா செய்த ஏற்பாடு எளிமையானது. வகுப்புக்கென்று ஒரு சிறு பயிற்சிக் குழு. நடத்தும் முறை வராத மாணவர்களும் தங்கள் வாத்தியத்தோடு அதில் உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒவ்வொருவரும் தன் முறைக்கு ஏறி நடத்துவார். கேமரா ஓடிக்கொண்டிருக்கும். ஆசிரியர் அநேகமாகப் பேசமாட்டார். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பதிவைப் பார்ப்பார்கள். தன் வலது கை வேகத்தைக் காட்ட, தோள் வேறொரு வேகத்தைக் காட்டுவதை மாணவர் தன் கண்ணாலேயே பார்ப்பார். தலை இசைத்தாளுக்குள் புதைந்திருந்ததையும், ஓபோ வாசிப்பவர் நிமிர்ந்து பார்த்தபோது இவர் பார்க்கத் தவறியதையும் பார்ப்பார். இதை ஆசிரியர் வாயால் சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருக்கலாம். பதிவோடு வாதாட முடியாது. வாசிப்பவர்களுக்கு உதவியாக இரு, இடைஞ்சலாக இராதே என்பதே அவருடைய போதனையின் சாரம். மாணவர்களைத் தன்னைப் போல் ஆக்க அவர் முயன்றதே இல்லை. சலோனெனும் வான்ஸ்காவும் மேடையில் நிற்கும் விதத்தில் எந்த ஒற்றுமையும் இல்லாததே அதற்குச் சாட்சி.

அந்த வகுப்பில் சேர்ந்தவர்கள் யார் என்பதும் முக்கியம். பெரும்பாலோர் ஏற்கனவே ஆர்கெஸ்ட்ராவில் உட்கார்ந்து வாசித்தவர்கள். வான்ஸ்கா கிளாரினெட், சலோனென் ஹார்ன், ஒராமோ பின்லாந்து வானொலி சிம்பொனியின் முதல் வயலின் வரிசைத் தலைவர், மல்க்கி ஸ்வீடனின் கோதன்பர்க் சிம்பொனியில் தலைமைச் செல்லோ. பத்து நடத்துநர்களின் கீழ் வாசித்து, யார் கையைப் பார்த்தால் வாசிக்க வருகிறது, யார் கையைப் பார்க்காமல் இருந்தால்தான் வாசிக்க வருகிறது என்று உடம்பால் அறிந்தவர்கள். அதோடு, 1960-களின் இறுதியிலிருந்து பின்லாந்து அரசு நகரம் தோறும் இசைப்பள்ளிகளுக்கு நிதி கொடுத்து வந்தது. நகராட்சிகள் ஆர்கெஸ்ட்ராக்களை நடத்தின. வகுப்பு முடிந்து வெளியே வந்தவருக்கு எங்காவது ஒரு சிறு நகரத்து ஆர்கெஸ்ட்ரா கிடைத்தது. கிடைக்காதவர்கள் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். சலோனெனும் இன்னொரு பின்லாந்து நடத்துநரான யூக்கா-பெக்கா சரஸ்தேயும் சேர்ந்து 1983-ல் தொடங்கிய அவந்தி குழு இன்றும் இருக்கிறது. அதே 1983-ல், உடல்நலமின்றி விலகிய ஒருவருக்குப் பதிலாக லண்டனில் மாலரின் மூன்றாம் சிம்பொனியை நடத்தப் போனபோது சலோனெனுக்கு வயது 25. தாளைப் படிக்க சில நாட்களே கிடைத்தன. அதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மனிதர்கள் முன் நின்ற மணிக்கணக்கு அவர் கைவசம் இருந்தது.

இனி கை. கர்நாடகக் கச்சேரியில் தாளம் போடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். தாளம் போடும் கை, அடி விழும் அதே கணத்தில் தொடையில் விழுகிறது, நடந்துகொண்டிருப்பதைக் காட்டுகிறது. நடத்துநரின் கை நடக்கப் போவதைக் காட்ட வேண்டும். வேகம், பலம், குணம் மூன்றும் முன்னசைவிலேயே, அதாவது முதல் ஒலிக்கு முந்தைய ஒரே ஓர் அசைவிலேயே, அடங்கியிருக்க வேண்டும். ஒலி வந்தபின் கொடுக்கும் அடி வெறும் உறுதிப்படுத்தல்தான்.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தை எல்லோரும் கேட்டிருப்போம்: மூன்று குறில், ஒரு நெடில். ஆனால் தாளில் முதலில் இருப்பது ஒலி இல்லை, மௌனம். அரை எண்ணிக்கை ஓய்வு, அதன்பின் மூன்று ஜி, அடுத்த பாரில் (தாளில் கோடு போட்டுப் பிரித்திருக்கும் ஓர் அளவுக்குப் பார் என்று பெயர்) விருப்பம்போல் நீட்டச் சொல்லும் குறியோடு ஒரு ஈ-பிளாட். தந்தி வாத்தியங்களும் கிளாரினெட்டுகளும் மட்டும் வாசிக்கின்றன. பீத்தோவன் பின்னர் குறித்த வேகப்படி நிமிடத்துக்கு 108 பார். ஒரு பாருக்கு அரை நொடிக்குச் சற்று மேல். ஆகவே பாருக்கு ஒரே ஓர் அடி. அந்த அடி விழும் இடத்தில் ஒருவரும் வாசிக்கக் கூடாது, விழுந்த உடனே எல்லோரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். புதிய மாணவர் பதற்றத்தில் இரண்டு மூன்று வெற்று அடி கொடுத்துவிடுவார். அல்லது அடி விழுந்ததும் கை தன்னிச்சையாகத் துள்ளும். அந்தத் துள்ளலை ஒரு பாதி பேர் தொடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள், மறு பாதி அடியை எடுத்துக்கொள்வார்கள். முதல் சுரமே சிதறிவிடும்.

சரியாகத் தொடங்கிவிட்டார் என்றே வையுங்கள். அடுத்த சிக்கல் நீட்டலில் இருக்கிறது. எப்போது நிறுத்துவது, எப்படி நிறுத்துவது? மூன்றாவது பாரும் ஓய்வோடுதான் தொடங்குகிறது. எனவே நீட்டலை வெட்டும் அசைவையே அடுத்த தொடக்கத்துக்கான முன்னசைவாக ஆக்கிவிடலாம். இல்லை, வெட்டி, மூச்சு விட்டு, புதிதாகவும் தொடங்கலாம். இரண்டில் எது என்பது இசையைப் பற்றிய முடிவு. அந்த முடிவை எடுக்காமல் ஏறியவரின் கையில் அது அப்பட்டமாகத் தெரியும். கூடவே, இரண்டாவது நீட்டல் முதலாவதைவிட ஒரு பார் அதிகமாக எழுதப்பட்டிருக்கிறது. தாளை மேலோட்டமாகப் படித்தவர்கள் இரண்டையும் ஒரே அளவாக நீட்டுவார்கள். ஐந்து பார்கள், ஏழெட்டு நொடி இசை. ஒரு வகுப்பு முழுவதையும் இதிலேயே செலவிடலாம், அதில் வீண் எதுவும் இல்லை.

தாளைப் படிப்பது என்று சொன்னேன். அது ஒரு தனிப் பயிற்சி. ஆர்கெஸ்ட்ராவின் தாளில் எல்லா வாத்தியமும் ஒலிக்கும் சுருதியிலேயே எழுதப்படுவதில்லை. பி-பிளாட் கிளாரினெட்டில் சி என்று எழுதியிருந்தால் கேட்பது பி-பிளாட். எஃப் ஹார்னில் சி என்றால் அதற்குக் கீழேயுள்ள எஃப். வியோலாவுக்கு வேறு கிளெஃப், அதாவது எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் குறி. செல்லோ மேலே ஏறும்போது இன்னொரு கிளெஃப். மாணவர் இவ்வளவையும் பார்த்த மாத்திரத்தில் மாற்றி, பத்து விரலுக்குள் சுருக்கி, பியானோவில் வாசிக்க வேண்டும். பாஹின் நான்கு குரல் கோரல்களை, அதாவது தேவாலயக் கீதங்களை, நான்கு பழைய கிளெஃப்களில் எழுதிக் கொடுத்து இதைத் தொடங்குவது வழக்கம். பிறகு ஹைடனின் நால்வர் இசை, பிறகு மோட்சார்ட், கடைசியில் முழு ஆர்கெஸ்ட்ரா. பியானோவில் திறமையாக வாசித்துக் காட்டுவது இதன் நோக்கமன்று. இரண்டாவது ஹார்ன் தவறான சுரம் வாசித்தால், தவறு இருக்கிறது என்பதோடு நிற்காமல், எது, யார், என்னவாக இருக்க வேண்டும் என்று அதே நொடியில் தெரிய வேண்டும். அதற்குத்தான் இத்தனை சிரமமும். செவிப்பயிற்சி வகுப்பில் ஆசிரியர்கள் வேண்டுமென்றே தவறுகளை நுழைத்து வாசிக்கவைப்பதும் இதற்காகத்தான்.

வியன்னாவில் இந்தப் பக்கத்துக்குப் பெரிய ஆசிரியர் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி. இசையமைப்பாளர்கள் ஷோன்பெர்கிடமும் வெபர்னிடமும் படித்தவர். 1946-லிருந்து அங்கே கற்பித்தார். கை ஆட்டத்தில் அவருக்கு ஆர்வமே கிடையாது. ஒரு சிம்பொனியின் ஒவ்வொரு வாக்கியமும் எத்தனை பார், எங்கே எட்டு ஏழாகக் குறைகிறது, எங்கே ஒன்பதாக நீள்கிறது, ஏன் என்று மாணவர் சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்தால் கை தானாகவே அடங்கும் என்பது அவர் நம்பிக்கை. சுபின் மேத்தா 1954-ல் பம்பாயிலிருந்து போய்ச் சேர்ந்தது அவரிடம்தான். கிளவுடியோ அப்பாடோவும் அதே வகுப்பு. பெரிய நடத்துநர்களின் ஒத்திகையைப் பார்க்க மாணவர்களுக்கு அனுமதி கிடைக்காது. இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? வியன்னாவின் மியூசிக்ஃபெராய்ன் அரங்கோடு இணைந்த பாடகர் குழுவான சிங்ஃபெராய்னில் பேஸ் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். கராயன், புரூனோ வால்டர் போன்றோர் நடத்தும்போது அவர்கள் முகத்தையும் கையையும் நேர் எதிரே நின்று பார்த்தார்கள், பாடியபடியே. என்னைக் கேட்டால் அவர்கள் பெற்ற பயிற்சியில் மிக உயர்ந்த பகுதி அதுதான். பார்வையாளர் இருக்கையிலிருந்து தெரிவது நடத்துநரின் முதுகு மட்டுமே.

லெனின்கிராடு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) கன்சர்வேட்டரியின் வழி வேறு. இல்யா மூசின் அங்கே ஏறத்தாழ 60 ஆண்டு கற்பித்தார். தெமிர்கானோவ், கெர்கியெவ், பிச்கோவ் என்ற புகழ்பெற்ற நடத்துநர்கள் எல்லோரும் அவரிடமிருந்து வந்தவர்கள். அன்றாட வகுப்பில் ஆர்கெஸ்ட்ரா இல்லை, இரண்டு பியானோ. பியானோ கலைஞர்கள் மாணவரின் கையைப் பார்த்து மட்டுமே வாசிப்பார்கள். கை தெளிவாக இல்லையென்றால் இசையும் தெளிவாக வராது. செலவு குறைந்த முறை, உலகம் முழுவதும் பரவிவிட்டது. ஆனால் மூசின் போன்ற கண் படைத்த ஆசிரியர் இருக்கும்போதுதான் அது பலன் தரும். இரண்டு பியானோ கலைஞர்கள் எப்போதும் சேர்ந்தே வாசித்துவிடுவார்கள். வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் டபுள் பேஸ்காரர் தாமதமாகத் தொடங்குவதை அவர்களால் காட்ட முடியாது.

இப்போது பாடகர் குழு. பெரும்பாலான இசைப் பல்கலைக்கழகங்களில் இது தனித் துறை, தனிப் பட்டம். அடிப்படைப் பாடங்கள் பொது: இசையமைப்பு இலக்கணம், செவிப்பயிற்சி, தாள் வாசிப்பு. அதற்கு மேல் பாதை பிரிகிறது. காரணம், பாடகரின் வாத்தியம் அவர் உடம்புக்குள் இருக்கிறது. எதிரே நிற்பவர் தோளைத் தூக்கினால் அறுபது பேரின் தோளும் அறியாமலே தூக்கும், மூச்சு மேல்மார்பில் நின்றுவிடும். தாடையை இறுக்கினால் குழுவின் உயிரொலிகள் இறுகும். அதனால் குழு நடத்துநர் மாணவருக்கு வாராவாரம் குரல் பயிற்சி கட்டாயம். நல்ல குரல் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. குரல் எப்படி வேலை செய்கிறது என்று தன் தொண்டையில் அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் கோல் பிடிப்பதில்லை, வெறுங்கை. ட்யூனிங் ஃபோர்க் தரும், நொடிக்கு 440 அதிர்வுள்ள ஏ சுரத்தைக் காதில் வாங்கி, அதிலிருந்து நான்கு பகுதிக்கும் தொடக்க சுரத்தை முணுமுணுத்துக் கொடுக்க வேண்டும். வாத்தியத் துணையில்லாமல் பாடும் குழு ஐந்து நிமிடத்தில் கால் சுருதி இறங்கிவிடுவது சாதாரணம். ஏன் இறங்குகிறது, மூச்சாலா, உயிரொலி கறுத்துப் போனதாலா, ஏறும் சுரங்களைக் குறுக்கிப் பாடுவதாலா என்று கண்டுபிடித்து, திட்டாமல் சரிசெய்வது ஒரு முழு ஆண்டுப் பாடம்.

பிறகு மொழி. லத்தீன் மொழியில் எக்செல்சிஸ் என்று வரும் சொல்லை இத்தாலிய வழக்கில் 'எக்ஷெல்சிஸ்' என்றும், ஜெர்மானிய வழக்கில் 'எக்ஸ்ட்ஸெல்சிஸ்' என்றும் பாடுவார்கள். எந்த நூற்றாண்டு, எந்த ஊர் இசை என்பதைப் பார்த்து நடத்துநர் முடிவெடுக்க வேண்டும். மெய்யெழுத்து எப்போது விழ வேண்டும் என்பது அதைவிட நுணுக்கம். பிராம்ஸின் ஜெர்மன் ரெக்வியம் 'ஸேலிக்' என்ற சொல்லோடு பாடகர்களுக்குத் தொடங்குகிறது. முதல் பகுதியில் வயலின்களே கிடையாது. தாழ்ந்த தந்திகள் இழைய, அவை அடங்கும் இடத்தில் குழு மெல்லிய குரலில் நுழைகிறது. அடியின் மேல் விழ வேண்டியது 'ஏ' என்ற உயிரொலி. அப்படியானால் முன்னாலிருக்கும் அதிரும் மெய் அடிக்கு முன்பே வந்திருக்க வேண்டும், எண்பது பேருக்கும் ஒரே கணத்தில். நடத்துநர் இதை வாயால் விளக்கினால் எல்லோரும் பயந்துபோய் மெய்யை இழுப்பார்கள். மூச்சு வாங்கும் விதத்தால் காட்டத் தெரிந்தவர், அவர்களோடு சேர்ந்து மூச்சு வாங்குவார். குழு சேர்ந்தே நுழையும். நேரில் பார்த்தால் இது எவ்வளவு சிறிய அசைவு என்பது வியப்பாக இருக்கும்.

இந்தக் கலையைப் பல்கலைக்கழகப் பாடமாக வளர்த்தவர்களில் ஸ்டாக்ஹோமின் எரிக் எரிக்சனைச் சொல்லாமல் விட முடியாது. 1945-ல் தன் சிறு பாடகர் குழுவைத் தொடங்கினார். 1951 முதல் 1991 வரை உப்சாலாவின் ஆண்கள் பாடகர் குழுவை நடத்தினார். கூடவே அரச இசைக் கல்லூரியில் தலைமுறைகளுக்குக் கற்பித்தார். ஸ்வீடனில் இன்று குழுப் பாடலுக்கு இருக்கும் தரத்தில் அவர் கை பெரிது. பால்டிக் கடலுக்கு அப்பால் எஸ்தோனியாவில் 1869 முதல் பாடல் விழா மரபு உண்டு. இன்று தாலின் விழாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே மேடையில் பாடுகிறார்கள். அவர்களுக்கு நடத்துநர்கள் வேண்டுமே! தாலினில் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் அதற்கென்றே ஆட்களை உருவாக்கினார். பின்னாளில் ஆர்கெஸ்ட்ராக்களால் உலகப் புகழ் பெற்ற நேமே யார்வியும் முதலில் தாலினில் குழு நடத்துதல் படித்தவர்தான். சோவியத் நிலம் முழுக்கவே குழு நடத்துதலை முதல் பட்டமாகவும் ஆர்கெஸ்ட்ராவை அதற்கு மேற்படிப்பாகவும் வைத்திருந்தவர்கள் பலர்.

இந்த இடத்தில் என் கருத்து சற்று அழுத்தமானது. இரண்டு துறையையும் முற்றாகப் பிரித்து வைப்பது தவறு. ஆர்கெஸ்ட்ரா மாணவர் ஒவ்வொருவரையும் குழுவில் பாட வைக்க வேண்டும், குழு மாணவர் ஒவ்வொருவரையும் தந்திக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். பாடகர் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து நிகழ்த்தும் பாஹின் பாஷன்களும் மோட்சார்ட்டின் ரெக்வியமும் எப்படியும் இருவர் கைக்கும் வந்து சேரும். அப்போது என்ன ஆகும் என்று பாருங்கள். பாடகர்கள் நடத்துநரிடமிருந்து பதினைந்து மீட்டர் பின்னால் நிற்கிறார்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். முன்வரிசை வயலின் அவர்களுக்குக் கேட்க நொடியில் 4 சதவீதத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. அதைக் கேட்டு அவர்கள் பாடினால், பாட்டு நடத்துநர் காதுக்குத் திரும்பிவர இன்னும் அவ்வளவு. விளைவு, குழு எப்போதும் பின்தங்கும். காதை நம்பாதீர்கள், கையை மட்டும் பாருங்கள் என்று பாடகர்களைப் பழக்க வேண்டும். குழு நடத்துநராக வளர்ந்தவர் பாடகர்களுக்குக் காட்டும் வட்டமான, மூச்சு நிறைந்த அசைவில் வயலின்காரர்களுக்கு அடி எங்கே விழுகிறது என்று தெரியாது. ஆர்கெஸ்ட்ராவில் வளர்ந்தவர் கூர்மையாக அடி கொடுப்பார். பாடகர்கள் மூச்சு வாங்க இடமே இருக்காது. இருவருக்கும் மற்றவரின் பாடம் வேண்டும்.

ஒத்திகை நடத்துவதும் பாடத்திட்டத்தில் உண்டு, ஆனால் பல இடங்களில் போதிய அளவு இல்லை. தொழில்முறை ஆர்கெஸ்ட்ராவில் ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று நான்கு ஒத்திகை, லண்டனில் அதைவிடக் குறைவு. மாணவருக்கு இருபது நிமிடம் தருவார்கள். நிறுத்தினால் சொல்ல வேண்டியது இடம், ஆள், காரியம், அந்த வரிசையில்: "சி எழுத்துக்கு நாலு பார் முன்னால், இரண்டாம் வயலின், இன்னும் குட்டையாக." சி என்பது தாளில் இடம் காட்ட அச்சிட்டிருக்கும் எழுத்து. பக்கத்தைத் தேடுவதற்குள் காரியத்தைச் சொல்லிவிட்டால் யார் காதிலும் ஏறாது. எது தானே சரியாகும், எதை நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று பிரிக்கத் தெரிவது இன்னும் கடினம். முதல் வாசிப்பில் வரும் தவறுகளில் பாதி இரண்டாவதில் காணாமல் போகும். அவற்றுக்காக நிறுத்தினால் வாசிப்பவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். பாடகர் குழுவில் நிலைமை நேர்மாறு. அங்கே பெரும்பாலோர் வேலை முடித்து மாலையில் வரும் ஆர்வலர்கள். சுரத்தையே கற்றுக்கொடுக்க வேண்டும், பல வாரம் பொறுமையாக. நல்ல குழு நடத்துநர் முதலில் நல்ல வாத்தியார்.

ஜெர்மன் மொழி நாடுகளில் இன்னொரு பாதையும் திறந்திருக்கிறது. அரசு நிதியில் இயங்கும் எண்பதுக்கும் மேற்பட்ட ஓப்பரா அரங்குகள் ஜெர்மனியில் உண்டு. பட்டம் பெற்றவர் அங்கே பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பாடம் சொல்பவராக நுழைவார், சில ஆண்டுகளில் ஒரு மாலை நிகழ்ச்சி கைக்கு வரும். கிறிஸ்டியான் டீலமான் 19 வயதில் பெர்லினில் அப்படித்தான் தொடங்கினார். கிரில் பெட்ரென்கோ வியன்னாவில் படித்து, அங்கே ஃபோல்க்ஸ்ஓப்பராவில் வேலை பழகி, மைனிங்கன் என்ற சிறிய ஊருக்குப் போய், பின்புதான் மியூனிக்குக்கும் பெர்லினுக்கும் வந்தார். இந்தப் பாதைக்குப் பியானோ சரளம் இன்றியமையாதது.

மகளைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்ல வேண்டும். நான் மேலே இவ்வளவு மதிப்போடு எழுதிய பனூலா, 2014-ல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், பெண் நடத்துநர்கள் பெண்மைக்கு ஏற்ற இசையோடு நிற்கட்டும், டெபுஸி ஆகும், புரூக்னர் ஆகாது என்ற பொருளில் பேசினார். அவர் நாட்டிலேயே கடும் கண்டனம் எழுந்தது. அவர் சொன்னது தவறு, அவருடைய மாணவியின் வாழ்க்கையே அதற்குப் பதில்: சுசானா மல்க்கி 2011-ல் மிலானின் லா ஸ்காலாவில் ஓப்பரா நடத்திய முதல் பெண், 2016 முதல் 2023 வரை ஹெல்சிங்கி பில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநர். பனூலா முன்பு வகித்த அதே பொறுப்பு அது. உங்கள் மகள் எந்தத் தயக்கமும் இல்லாமல் புரூக்னரின் தாளை வாங்கிப் படிக்கட்டும்.

இப்போதைக்கு அவள் செய்யக்கூடியவை. எட்டாம் கிரேடு நல்ல தொடக்கம்தான், ஆனால் தனியாக வாசித்த வயலின் மட்டும் போதாது; ஆர்கெஸ்ட்ரா வரிசையில் உட்கார வேண்டும். மும்பையில் 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது, சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கிறது. இளைஞர் குழு, கோடைப் பயிற்சி எது கிடைத்தாலும் போகட்டும், இரண்டாம் வயலினின் கடைசி நாற்காலியானாலும் சரி. பியானோவை இன்றே தொடங்க வேண்டும். நீங்கள் சர்ச் பாடகர் குழுவைக் குறிப்பிட்டீர்கள். நெல்லையிலும் நாகர்கோவிலிலும் நான்கு பகுதியாகக் கீதங்கள் பாடும் சபைகள் நிறைய. சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் டானிக் சோல்ஃபாவை வைத்துப் பார்த்தவுடன் பாடும் பெரியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அங்கே பெண்களின் தாழ்ந்த பகுதியான ஆல்ட்டோ பாடட்டும், நடத்துகிறவர் அனுமதித்தால் ஒத்திகையில் ஒரு பாட்டை அவளே சொல்லிக்கொடுக்கட்டும். ஐரோப்பிய நுழைவுத் தேர்வாளர்கள் அறிய விரும்புவதில் பாதி அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது புகழைப் பார்க்காமல் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்: முதலாண்டு மாணவருக்கு வாரத்துக்கு எத்தனை நிமிடம் வாசிப்பாளர்கள் முன் கிடைக்கும், அது பியானோவா, சிறு குழுவா, முழு ஆர்கெஸ்ட்ராவா, பதிவைப் பார்க்கும் வகுப்பு உண்டா, தொழில்முறை ஆர்கெஸ்ட்ராவோடு ஒப்பந்தம் உண்டா, ஆர்கெஸ்ட்ரா மாணவர் பாடகர் குழுவையும் எடுக்க முடியுமா. வியன்னாவுக்கும் ஜெர்மனிக்கும் ஜெர்மன் மொழி வேண்டும். கட்டணம் நாட்டுக்கு நாடு வெகுவாக மாறும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கான தொகையைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் முதல் சுற்றுக்கு நடத்தும் காணொளி கேட்பார்கள். அதை எடுக்கும்போது கேமராவை வாசிப்பவர்கள் பக்கம் வையுங்கள்; அவள் முகமும் இரு கைகளும் தெரிய வேண்டும். நிகழ்ச்சியைவிட ஒத்திகையைப் பதிவுசெய்து அனுப்புவது மேல். அவள் நிறுத்துவதும், ஒரு வரி சொல்வதும், மறுபடி வாசித்தபோது அந்த இடம் மாறியிருப்பதும் அதில் இருக்கட்டும்.